இருநூற்று இருபதில் அடங்காத எண்

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஜூலை மாதத்தில், ஒரு புதன்கிழமை காலை, ரோடா சேலர் கதவைக்கூடத் தட்டாமல் ரெனாட்டா போனோமியின் வீட்டுக்குள் நுழைந்தாள். ரெனாட்டா சமையல் மேசையில் கத்தரிக்காயை வட்டமாக அரிந்து உப்புத் தூவிக்கொண்டிருந்தார். ரோடா ஒரு காகிதத்தை அந்தக் கத்தரிக்காயின் மேலேயே வைத்தாள்.

“இதுல என் பேர் இருக்கு. இந்த நம்பர் என்னுது இல்ல,” என்றாள்.

அவளுக்குப் பின்னால் டட்லி ஹூப்பர் வந்து நின்றான். சர்க்கரை ஆலையின் கரும்பு ரயிலை இருபது வருடம் ஓட்டியவன். இப்போது ஆமை மருத்துவமனைக்குச் சம்பளம் இல்லாமல் வண்டி ஓட்டுகிறான். ஊரில் எந்தப் பொருள் காணாமல் போனாலும், எந்தப் பொய் வெளியே தலை காட்டினாலும், அதை முதலில் ரெனாட்டாவிடம் கொண்டுவந்து சேர்ப்பவன் இவன்தான். ரெனாட்டாவுக்கு அறுபத்தெட்டு வயது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் மனிதர்களின் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டு ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அதனாலேயே பொய் சொல்பவர்களுக்கு அவர் முன்னால் உட்காரப் பிடிக்காது.

ரோடா, பெல்லாமி முனை ஆமை மருத்துவமனையின் பரிசோதனை அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறாள். ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கு அப்பால் உள்ள டாரஸ் நீரிணைத் தீவுக்காரி. ஆமை அவள் குலத்தின் சின்னம். அங்கே வரும் ஆமைகளின், கூழைக்கடாக்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்வது அவள் வேலை. நாய்க்கும் குதிரைக்கும் எண்ணித் தரும் இயந்திரம் இங்கே உதவாது. பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் சிவப்பணுவின் நடுவிலும் கரு உண்டு. இயந்திரம் சிவப்பு எது, வெள்ளை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒரு மனிதர் எண்ணித்தான் ஆகவேண்டும்.

நடந்தது இதுதான். பிஸ்கட் என்று பள்ளிப் பிள்ளைகள் பெயர் வைத்த பெரிய பச்சை ஆமை ஒன்று பன்னிரண்டு வாரம் சிகிச்சையில் இருந்தது. திங்களன்று ரத்தம் எடுத்தார்கள். சனிக்கிழமை ஊரே கூடி நின்று கைதட்ட, அதைக் கடலில் விட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை ஓடை முகத்தில் செத்து ஒதுங்கியது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்கச் சீழ். அதைக் கடலில் விடலாம் என்று சொன்ன காகிதம்தான் இப்போது கத்தரிக்காயின் மேல் கிடந்தது. ‘வெள்ளணுக்கள் 8,448. எண்ணியவர்: ஆர். சேலர்.’ நல்ல ஆரோக்கியமான ஆமைக்கு இருக்கவேண்டிய எண் அது. உள்ளே சீழ் பிடித்திருந்தால் எண் பல மடங்கு ஏறியிருக்கும்.

தான் எண்ணியது முப்பதாயிரத்துக்கு மேல் என்றாள் ரோடா. அன்றைக்கே தாழ்வாரத்தில் மருத்துவமனைத் தலைவர் டாக்டர் லாக்லன் ஸ்டிரூட்டை நிறுத்தி, இந்த ஆமையை இப்போது கடலில் விடாதே என்று சொல்லியிருக்கிறாள். பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் தலையாட்டியிருக்கிறார். இப்போது அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் கிழிந்திருக்கிறது. அவளே கிழித்து மறைத்துவிட்டாள் என்பது அவர் வாதம். இந்தத் திங்களன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாசல் பலகையில் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்தார்: ‘எண்ணியவரின் பிழையால் பிஸ்கட்டை இழந்தோம்.’

பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ரொட்டிக் கடையில் ஒருவன் “ஆமையைக் கொன்னவ வந்துட்டா” என்றான், அதுவும் சிரித்துக்கொண்டே. ஆமைக் குலத்தில் பிறந்தவளை ஆமையைக் கொன்றவள் என்பது, தாயைக் கொன்றவள் என்பதற்கு ஒரு படிதான் கீழே. சொன்னவனுக்கு அது தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது போதாது. பத்தொன்பது வருடம் ஒரே தெருவில் குடியிருந்தவளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருப்பதும் ஒரு குற்றம்தான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அங்கே அவள் பெயரைத் துடைக்க முடியாவிட்டால், அந்தப் பெயரோடுதான் அவள் தன் தீவுக்குத் திரும்பவேண்டும்.

ரெனாட்டா காகிதத்தை எடுத்து உப்பைத் தட்டிவிட்டார். “எனக்கு மனுஷ ரத்தம்தான் தெரியும். ஆமை ரத்தத்தை எப்படி எண்ணுவன்னு முதல்லேர்ந்து சொல்லு,” என்றார்.

ஊதாச் சாயம் கலந்து ரத்தத்தை இருநூறு மடங்கு நீர்க்கச் செய்வேன் என்றாள் ரோடா. எண்ணும் கண்ணாடியில் ஒன்பது கட்டங்கள் இருக்கும். அவற்றில் உள்ள வெள்ளணுக்களை எண்ணி, அதோடு பத்தில் ஒரு பங்கு கூட்டி, இருநூறால் பெருக்குவது. “மொத்தத்துல கண்ணுல படற ஒவ்வொண்ணுக்கும் இருநூத்தி இருபது. அவ்வளவுதான் ஆன்ட்டி.”

ஸ்டிரூட் இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். ரோஜா நிறச் சாயம். அது வெள்ளணுக்களில் இரண்டு வகைமேல் மட்டும் ஏறும். கண்ணுக்குச் சுலபம். மிச்ச வகைகள் என்ன ஆகும் என்று ரெனாட்டா கேட்டார். தனியாக ஒரு ஸ்லைடில் ரத்தத்தைத் தேய்த்து, நூறு வெள்ளணுக்களில் சாயம் ஏறும் வகை எத்தனை என்று பார்த்து, அதை வைத்துக் கடைசியில் வகுத்தால் முழு எண்ணிக்கை கிடைக்கும் என்றாள் ரோடா. அந்தச் சாயத்தை அவள் தொட்டதில்லை. பாட்டில் ஸ்டிரூட்டின் அறையில், அவருடைய பூட்டிய அலமாரியில் இருந்தது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அறுபது விலங்குகள். ஒவ்வொன்றையும் ரோடா ஊதாவில் எண்ணினாள், அவர் ரோஜாவில் எண்ணினார்.

“பறவைல ரெண்டு பேர் நம்பரும் கிட்டத்தட்ட ஒத்துப்போச்சு. ஆமைல என்னுது எப்பவும் ரொம்ப ஜாஸ்தி. அதை ‘எண்ணுபவரின் பிழை’ன்னு கட்டுரைலயே எழுதிட்டான். உனக்குப் பறவைன்னா கண்ணு தெரியுது, ஆமைன்னா மங்கிப்போகுதுன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சான். ரெண்டு நம்பரும் ஒத்துப்போகலன்னா அவன் நம்பரை வச்சுதான் கடல்ல விட்டோம். மே மாசத்துலேர்ந்து என் நம்பரே வேண்டாம்னு வச்சுட்டான்.”

“ஆனா இந்தக் காகிதத்துக்கு மட்டும் உன் பேர் வேண்டியிருந்திருக்கு,” என்றார் ரெனாட்டா. காகிதத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கைப் போட்டார். விடையின் அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கத்தரிக்காயிடம் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை காலை ரெனாட்டாவும் டட்லியும் மருத்துவமனைக்குப் போனார்கள். குழுத் தலைவி வால்மை பிரென்னர், எந்த அறைக்கும் போகலாம் என்று போனில் சொல்லியிருந்தார். ஸ்டிரூட் வாசலுக்கே வந்து வரவேற்றார். நல்ல உயரம், நல்ல பல், நல்ல பேச்சு. பிஸ்கட்டின் படம் போட்ட நீலச் சட்டை அணிந்திருந்தார். ஆமையை விடும் விழாவுக்காக, விழா நடந்த வாரத்தின் திங்களன்றுதான் ஊழியர்கள் எல்லாருக்கும் அந்தச் சட்டையைக் கொடுத்தார்கள். டட்லியும் அதைத்தான் போட்டிருந்தான். ஸ்டிரூட்டின் வலது கைமடிப்பில் மட்டும் விரல்நுனி அளவுக்கு ஒரு ரோஜா நிறக் கறை இருந்தது.

“என்ன டாக்டர், கேக்கு ஐஸிங்ல கைய விட்டுட்டீங்களா?” என்றான் டட்லி.

ஸ்டிரூட் சிரித்துக்கொண்டே கைமடிப்பை உள்ளே மடித்துக்கொண்டார். தேநீர் வரவழைத்தார். ரோடா நல்லவள்தான், வயதாகிவிட்டது, பரிதாபம் என்றார். அவளுக்கு ஐம்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்துமூன்று. கட்டுரையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். ரெனாட்டா கேட்டதும் ஒரு பிரதியைப் பெருமையாகவே கொடுத்தார். பிஸ்கட்டின் ரத்தத்தை நீங்களும் ரோஜாச் சாயத்தில் எண்ணிப் பார்த்தீர்களா என்று ரெனாட்டா சாதாரணமாகக் கேட்டார். இல்லவே இல்லை, மே மாதம் கட்டுரை முடிந்த பிறகு அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை என்றார் அவர். அவர் மேசைக்கு மேலே, அந்தச் சாயத்தோடு வந்த செய்முறைத் தாளை நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டியிருந்தார்கள். ரெனாட்டா அதை ஒருமுறை படித்தார். கீழ் மூலையின் ஊசியை எடுத்து, பின்பக்கத்தையும் படித்துவிட்டு, ஊசியைத் திரும்பக் குத்தினார்.

இதற்குள் டட்லி பரிசோதனை அறைக்கு ஓடி, குறிப்புப் புத்தகத்தின் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தைப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த பக்கத்தில் எழுதியது அடுத்த பக்கத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும் என்பது அவன் கணக்கு. ஈ நடந்ததுபோல் எழுதுகிறவள் ரோடா. ஒரு பள்ளமும் இல்லை. அவன் விரல் பத்தும் கறுத்ததுதான் மிச்சம்.

ரெனாட்டா அவன் கையில் கால்குலேட்டரைக் கொடுத்தார். ரோடாவின் பழைய புத்தகங்களில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இருநூற்று இருபதால் வகுக்கச் சொன்னார். பிறகு ஸ்லைடுகள் இருக்கும் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட்டின் ஸ்லைடை எடுத்தார். அதன் ஓரத்தில் ரோடா பென்சிலால் ஓர் எண்ணை எழுதியிருந்தாள். அதைப் பார்க்காமல் மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டு, மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தார். நூறு வெள்ளணுக்களை எண்ணி முடித்து, தன் எண்ணை எழுதினார். அதன் பிறகுதான் காகிதத்தை உரித்துப் பார்த்தார். மதியத்துக்கு மேல் டட்லி தலையைத் தூக்கியபோது, புதன்கிழமை ரோடாவின் முகத்தில் இருந்த அதே கோபம் அவன் முகத்திலும் இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குழு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். வால்மை பிரென்னர் மேசையின் தலைமாட்டில் இருந்தார். எண்ணூறு ஏக்கர் கரும்புக்குச் சொந்தக்காரி. வெட்டு இயந்திரம் நிற்கிறது, சுருக்கமாகச் சொல்லு என்று ரெனாட்டாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். ரோடா கையைக் கட்டிக்கொண்டு ஸ்டிரூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிரூட் அன்றைக்கு வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

“ரோடா எண்ணினா, ஒரு அணுவுக்கு இருநூத்தி இருபது,” என்று தொடங்கினார் ரெனாட்டா. “அதனால அவ எழுதற எந்த நம்பரும் இருநூத்தி இருபதுல மிச்சம் இல்லாம அடங்கணும். டட்லி அவ புத்தகத்துல அறுநூத்தி நாப்பது நம்பரை வகுத்துப் பாத்தான். எல்லாம் அடங்குது. 8,448-ஐ வகுத்தா முப்பத்தெட்டும், அதுக்கு மேல கொஞ்சமும் வருது. முப்பத்தெட்டரைக்குக் கொஞ்சம் குறைவா அணுவை யாரும் எண்ண முடியாது. இது அவ நம்பர் இல்ல.”

அப்படியானால் இன்னும் மோசம் என்றார் ஸ்டிரூட். அவள் எண்ணவே இல்லை, வாய்க்கு வந்த எண்ணை எழுதியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம் என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.

ரெனாட்டா தலையாட்டினார். நானும் அப்படித்தான் முதலில் சந்தேகப்பட்டேன் என்றார். ஆனால் ரோஜாச் சாய முறையில் ஓர் அணுவுக்குப் பதினேழு புள்ளி ஆறு என்று பெருக்கவேண்டும். செய்முறைத் தாளின் முன்பக்கத்திலேயே அது இருக்கிறது. 8,448-ஐப் பதினேழு புள்ளி ஆறால் வகுத்தால் சரியாக நானூற்று எண்பது வருகிறது. வாய்க்கு வந்த எண் அவ்வளவு சுத்தமாக வகுபடுவது கடினம். யாரோ ரோஜாச் சாயத்தில் நானூற்று எண்பது அணுக்களை எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பாட்டில் பூட்டிய அலமாரியில் இருந்தது, சாவி ஒருவரிடம் இருந்தது.

“மே மாசத்துக்கு அப்புறம் தொடலன்னு சொன்னீங்க டாக்டர். ஆனா நேத்து உங்க கைமடிப்புல அந்தச் சாயம் இருந்துச்சு. அந்தச் சட்டை ஜூலைலதான் வந்துச்சு. பிஸ்கட்டோட ரத்தம் எடுத்த அதே திங்கக்கிழமை.”

வால்மை பேனாவைக் கீழே வைத்தார். தானும் ஒருமுறை சரிபார்த்திருக்கலாம், ஞாபகம் இல்லை என்றார் ஸ்டிரூட். அப்படியே இருந்தாலும் அந்த எண்ணிக்கையும் நல்ல எண்ணிக்கைதானே, ஆமையை விட்டது நியாயம்தானே என்றார்.

ரெனாட்டா கட்டுரையை விரித்தார். “ரோடா பறவைய எண்ணினா சரியா வருதாம், ஆமைய எண்ணினா தப்பாம். கண்ணு ஒண்ணு, சாயம் ஒண்ணு, கண்ணாடியும் ஒண்ணு. ஆமைக்கு மட்டும் மங்கற கண்ணு எங்கயாவது இருக்கா? அப்பத்தான் கோளாறு உங்க பக்கம் இருக்குமோன்னு பாத்தேன். உங்க நம்பர் அறுபதும் பதினேழு புள்ளி ஆறுல அடங்குது. கடைசி வகுத்தலைச் செஞ்சிருந்தா அப்படி அடங்காது. நீங்க ரெண்டு வருஷமா அந்தக் கடைசி வகுத்தலைச் செய்யவே இல்ல. அது தாளோட பின்பக்கத்துல இருக்கு. நீங்க அந்தப் பக்கத்தைச் சுவத்தைப் பாக்க மாட்டி வச்சிருக்கீங்க.”

ரெனாட்டா கணக்கை விளக்கினார். இங்கே வரும் கூழைக்கடாக்களின் ரத்தத்தில், நூற்றில் எண்பத்தைந்து, தொண்ணூறு அணுக்கள் ரோஜாச் சாயம் ஏறும் வகை. அதனால் வகுக்க மறந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆமையின் ரத்தத்தில் பாதிக்கு மேல் சாயம் ஏறாத வகைதான். அங்கே வகுக்க மறந்தால் பாதி ரத்தத்தை எண்ணாமல் விட்டதாகும். பிஸ்கட்டின் ஸ்லைடில் நூற்றுக்கு இருபத்தேழுதான் சாயம் ஏறும் வகை. ரெனாட்டா எண்ணியதும் இருபத்தேழு, ரோடா ஓரத்தில் எழுதியிருந்ததும் இருபத்தேழு. கடைசி வகுத்தலைச் செய்தால் 31,289. ரோடா முப்பதாயிரத்துக்கு மேல் என்று சொன்னதோடு அது ஒத்துப்போகிறது.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். இவர் அதோடு நிற்காமல் கூடத்தின் மேல் வழக்கும் போட்டுவிட்டார்.

“ஒரே ஒரு படி,” என்றார் ஸ்டிரூட். பல் தெரியவில்லை. “யாருக்கும் வர்ற தப்பு.”

“தப்பு யாருக்கும் வரும்,” என்றார் ரெனாட்டா. “ஆமை செத்து ஒதுங்கின அன்னிக்கு அவ புத்தகத்தைத் திறந்து பாத்திருக்கீங்க. அவ நம்பரைப் பாத்ததும் உங்களுக்கு விஷயம் புரிஞ்சிருக்கு. அப்புறம் பக்கத்தைக் கிழிச்சு, உங்க நம்பருக்குக் கீழ அவ பேரை அடிச்சீங்க. வேற நம்பர் போட்டிருக்கலாம். உங்க நம்பர்தான் சரின்னு உங்களுக்கே அவ்வளவு ஆசை. அது தப்பு இல்ல டாக்டர். அது அயோக்கியத்தனம்.”

அந்தச் சொல்லையும் அவர் குரல் உயர்த்தாமல்தான் சொன்னார். கிழித்த பக்கம் எங்கே என்று வால்மை கேட்டார். ஸ்டிரூட் மேசையைப் பார்த்தபடி, குப்பையில் போட்டுவிட்டேன் என்றார்.

வால்மை ரோடாவிடம் திரும்பினார். குழு எழுத்தில் மன்னிப்புக் கேட்கும், நாளைக்கே வேலைக்கு வரலாம், ஸ்டிரூட் விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நல்ல வார்த்தைகள்தான். வெட்டு இயந்திரம் நிற்கிறதே என்ற அவசரமும் அதில் இருந்தது.

ரோடா எழுந்து நின்றாள். “உங்க கடுதாசி கிடக்கட்டும். அந்த அறுபதுல ஆமை முப்பத்தி நாலு. அதுல பதினொண்ணை என் நம்பரைத் தள்ளிட்டு, இவன் நம்பரை நம்பிக் கடல்ல விட்டோம். பிஸ்கட் ஒதுங்கினதால தெரிஞ்சுது. ஒதுங்காததை யாரு எண்ணுவா?”

 ரோடா அறையை விட்டுப் போய், இழுப்பறையோடு ஸ்லைடுகளைத் தூக்கிவந்து ஸ்டிரூட்டின் முன்னால் வைத்தாள். ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் விலங்கின் பெயரும், நூற்றுக்கு எத்தனை என்ற எண்ணும் பென்சிலில் இருந்தன. இரண்டு வருடமாக அவர் அறைக்குப் பக்கத்து அறையிலேயே இருந்தன. அந்த இழுப்பறையைத் திறக்க அவருக்குத் தோன்றவே இல்லை. டட்லியின் கால்குலேட்டரை வாங்கி அதன் மேல் வைத்தாள்.

“வகு. சத்தமா.”

ஸ்டிரூட் வால்மையைப் பார்த்தார். வால்மை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வெட்டு இயந்திரத்தைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை.

“மிஸஸ் பெர்கின்ஸ்,” என்று ஸ்லைடைப் பார்த்து வாசித்துவிட்டு, கட்டுரையின் பட்டியலில் விரலை வைத்தாள் ரோடா. “உன் நம்பர் 5,808. நூத்துக்கு நாப்பத்தொண்ணு.”

அவர் தட்டினார். “14,166.”

“நான் எழுதினது 14,300. அடுத்தது ஸ்பட். உன்னுது 6,512. நூத்துக்கு அம்பது.”

“13,024.”

“என்னுது 12,980. அடுத்தது டோரதி. உன்னுது 7,216. நூத்துக்கு முப்பத்திரண்டு.”

அவர் தட்டிவிட்டு, வந்த எண்ணைச் சொல்லாமல் நிறுத்தினார். சொல்லு என்றாள் ரோடா. “22,550,” என்றார். அவள் எழுதியது 22,660. டோரதி வந்தபோது ஒரு தட்டின் அகலம்தான் இருந்தது, தன் கையால்தான் மீன் ஊட்டினேன் என்றாள். அந்த ஸ்லைடை மட்டும் இழுப்பறையில் திரும்பப் போடாமல் தனியாக எடுத்து வைத்தாள்.

டட்லி மெதுவாக எழுந்து வெளியே போனான். அவன் வாசலுக்குப் போய், தன் நீலச் சட்டையைக் கழற்றி, அதாலேயே பலகையைத் துடைப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

நான்காவது ஆமைக்குப் பிறகு ஸ்டிரூட் கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். “போதும் ரோடா. புரிஞ்சுது.”

“இன்னும் ஏழு இருக்கு,” என்றாள் ரோடா. அடுத்த ஸ்லைடை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓரத்தில் இருந்த பெயரை வாசித்தாள்.